எதிரியின் விமானத்துக்கு எலுமிச்சைக் குளியல்

“எழுபது வருஷம் கடலுக்கடியில் கிடந்தும் உருக்குலையாத விமானத்தை வெளியே எடுத்ததும் ஏன் ஓயாமல் நனைத்துக்கொண்டே இருந்தார்கள்? காய்ந்தால் நல்லதுதானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகம் 2013-இல் மீட்ட ஜெர்மானிய டோர்னியர் 17 குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிய கேள்வி இது. விடையை முதலிலேயே சொல்லிவிடலாம்: காய்வதுதான் அதற்கு ஆபத்து.

முன்கதை சுருக்கமாக. 1940 ஆகஸ்ட் 26. இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானிய விமானங்கள் பிரிட்டனைத் தாக்கிய ‘பிரிட்டன் வான்போர்’ உச்சத்தில் இருந்த நேரம். பிரிட்டிஷ் டிஃபையன்ட் விமானங்கள் சுட்டதில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் விழுந்த டோர்னியர் இதுதான் என்று அருங்காட்சியகம் அறிவித்தது. அதில் இருந்த நால்வரில் இருவர் இறந்தார்கள், இருவர் போர்க்கைதிகள் ஆனார்கள். இந்த ரகத்தில் 1,500-க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. ஓரளவு முழு உருவோடு எஞ்சியது இது ஒன்றுதான்.

குட்வின் திட்டு கப்பல்களை விழுங்குவதற்குப் பேர்போனது. 1748-இல் அங்கே மூழ்கியதாகச் சொல்லப்படும் லேடி லவிபாண்ட் என்ற கப்பல் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை பேயாக வந்து போகிறதாம். பேய்க்கதை எந்த ஊரிலும் உண்டு. விமானத்தை மூடிவைத்ததும் பிறகு திறந்துகாட்டியதும் நீரோட்டம் தள்ளிக்கொண்டே இருக்கும் மணல்தான். 2008-இல் முக்குளிப்பவர்கள் கண்ணில் பட்டபோது அது சுமார் 15 மீட்டர் ஆழத்தில் தலைகீழாகக் கிடந்தது. சுற்றிலும் சட்டம் கட்டித் தூக்கும் திட்டம் காற்றாலும் அலையாலும் தள்ளிப்போய்க் கடைசியில் கைவிடப்பட்டது. விமானத்தின் உறுதியான இடங்களில் நேரடியாகக் கயிறு பூட்டி 2013 ஜூன் 10 அன்று மேலே கொண்டுவந்தார்கள்.

இனி உலோகத்துக்கு வருவோம். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், அது மேற்கொண்டு அரிக்காமல் காக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் சுத்தமான அலுமினியம் விமானம் கட்ட உதவாது, அவ்வளவு மென்மையானது. அதனால் சுமார் நான்கு சதவீதம் செம்பு கலந்த டியூராலுமின் என்ற கலப்புலோகத்தைப் பயன்படுத்தினார்கள். ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானிய உலோகவியலாளர் கண்டுபிடித்தது. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த தகட்டைச் சில நாள் சும்மா போட்டுவைத்தாலே அது தானாகக் கடினமாகிறது. செம்பு அணுக்கள் உள்ளுக்குள் சிறுசிறு திரள்களாகக் கூடி, அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் தடுப்பதே காரணம்.

வலு தந்த அந்தச் செம்புதான் கடல்நீரில் வினையாகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. செம்பு மிகுந்த துகள் ஒன்று மேற்பரப்பில் இருக்கிறது, பக்கத்தில் அலுமினியம், இரண்டையும் நனைத்தபடி உப்புநீர். இது ஒரு முழுமையான மின்கலம். அலுமினியம் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரையும், செம்புத் துகளின்மேல் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ளும். நானோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்ட ஆக்சைடு படலத்தை, உப்பில் இருக்கும் குளோரைடு அயனி பலவீனமான இடமாகப் பார்த்துத் துளைக்கிறது. ஒரு நுண்குழி உண்டாகிறது. குழிக்குள் கரைந்த அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அங்கே கூடிவிட்ட நேர்மின்சுமையைச் சமன்செய்ய வெளியிலிருந்து இன்னும் குளோரைடு உள்ளே வருகிறது. அமிலம் கூடினால் கரைவது கூடும், கரைந்தால் அமிலம் கூடும். வெளியே கடல்நீரின் பிஹெச் (அமில, கார அளவு; 7-க்குக் கீழே போனால் அமிலம்) 8-ஐ ஒட்டி லேசான காரமாக இருக்க, குழிக்குள் மட்டும் அது 3-ஐ நெருங்கிவிடும். ஒரு குழி தனக்கு வேண்டிய நஞ்சைத் தானே தயாரித்துக்கொண்டு வளர்கிறது!

மணல் மூடியிருந்த காலத்தில் ஆக்சிஜன் வரத்து குறைவு. எலக்ட்ரானை வாங்க ஆளில்லாததால் மின்கலம் ஏறத்தாழ முடங்கிக் கிடந்தது. கரைக்கு வந்ததும் ஆக்சிஜன் தாராளம். நீர் வற்ற வற்றக் குழிக்குள் குளோரைடின் செறிவு ஏறும். முழுக்கக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் உப்பு வெளியேறும்வரை உலோகத்தைக் காயவிடக் கூடாது.

வெறும் தண்ணீர் போதாதா? குளோரைடு கரைந்துவிடும், ஆனால் சிப்பியும் சுண்ணாம்பும் துருவும் ஓடாக மூடி அதன் வழியை அடைத்திருந்தன. இரும்புப் பொருளென்றால் நல்ல காரக் கரைசலில் ஊறப்போடலாம். 1864-இல் மூழ்கி 2000-இல் எடுக்கப்பட்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் நீர்மூழ்கி ஹன்லிக்கு சோடியம் ஹைட்ராக்சைடில்தான் சிகிச்சை. அதே கரைசலில் அலுமினியத்தைப் போட்டால் ஹைட்ரஜன் குமிழிகளை விட்டபடி கரைந்தே போகும். டோர்னியரிலோ அலுமினியமும் உண்டு, எஃகும் உண்டு. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றுக்கு விஷம்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களின் துணையோடு கிடைத்த வழி எலுமிச்சையில் இருக்கும் அதே சிட்ரிக் அமிலம். அதில் அளவாக சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து அமிலத்தன்மையை வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள். அலுமினியத்தின் ஆக்சைடு படலம் நிலைத்து நிற்கும் எல்லை அது. சிட்ரேட்டின் மூன்று கரங்கள் கால்சியத்தையும் இரும்பையும் வளைத்துப் பிடித்துக் கரைசலோடு கூட்டிப்போய்விடும், உலோகம் தப்பிக்கும். வெள்ளிக்கிழமை புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கும் வீடுகளில் நடப்பதும் இதற்கு நெருங்கிய உறவுள்ள வேதியியல்தான். 18 மீட்டர் இறக்கை கொண்டதைத் தொட்டியில் முக்க முடியாதே. அருங்காட்சியகத்தின் காஸ்ஃபோர்டு வளாகத்தில் பாலித்தீன் கூடாரங்கள் போட்டு, பாகங்களைப் பிரித்துவைத்துத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். உப்பு உள்ளிருந்து வெளியே வரும் வேகம் மிகக் குறைவு. ஆழம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும்.

இதைப் புதுப்பித்துப் பறக்கும் கோலத்துக்குக் கொண்டுவர அவர்கள் முயலவில்லை. அதை நான் மனமார வரவேற்கிறேன். வளைந்ததை நிமிர்த்தி, பளபளக்க வர்ணம் பூசி, ஸ்வஸ்திகா வரைந்து நிறுத்தியிருந்தால் அது வென்றவன் பிடித்துவந்த கோப்பை. கடலின் அரிப்பை மட்டும் நிறுத்தி, 1940-இன் சேதத்தை அப்படியே விட்டால் இரு தரப்பிலும் வானத்தில் மாண்ட இளைஞர்களுக்கு அது பொதுவான நினைவுச்சின்னம் ஆகலாம். அருங்காட்சியகமும் அப்படித்தான் சொல்கிறது. எதிரி நாட்டு விமானத்துக்காக வரலாற்று அமைப்புகள் பெரும்பணம் கொடுத்ததை வீண்செலவென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் நினைவுத்தூண் திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கும், உள்ளே இருக்கும் பொருளைக் காக்கும் வேதியியலாளருக்குச் சம்பளம் என்றால் கோப்பு நகராது. இத்தனைக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே மின்பகுப்பு முறையில் வெண்கலச் சிலைகளுக்குச் சிகிச்சை செய்தார். வில்லன் அங்கேயும் குளோரைடுதான். செம்போடு சேர்ந்து, ஈரத்தில் அமிலம் விட்டு, மேலும் மேலும் உலோகத்தைத் தின்னும். வெண்கல நோய் என்பார்கள். பழைய வெண்கலத்தைப் பார்க்க நேர்ந்தால் நிறத்தைக் கவனியுங்கள். கரும்பச்சையாக, வழவழப்பாகப் படிந்திருந்தால் பயமில்லை, அது காக்கும் படலம். விரலால் தட்டினால் உதிரும்போலத் தூள்தூளாக வெளிர்பச்சைப் புள்ளிகள் தெரிந்தால், தொடாமல் அங்குள்ள அலுவலரிடம் சொல்லுங்கள்.