எலும்புப்புரையா, எலும்புத் தேய்மானமா?

ஆஸ்டியோபோரோசிஸ் என்ற நோய்க்குத் தமிழில் ‘எலும்புத் தேய்மானம்’ என்று எழுதுவது இப்போது வழக்கமே ஆகிவிட்டது. மருந்துக்கடைத் துண்டறிக்கையிலும் அதுதான், தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சியின் அடிவரியிலும் அதுதான். முழங்கால் வலியா, தேய்மானம். கழுத்து வலியா, தேய்மானம். பாட்டிக்குக் கூன் விழுகிறதா, அதுவும் தேய்மானம். ஒரே சொல்லை மூன்று நோய்க்கும் ஒட்டினால் அது எந்த நோயின் பெயர்?

மூலச்சொல் கிரேக்கம்: ஆஸ்டியோன் என்றால் எலும்பு, போரோஸ் என்றால் வழி, துளை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சேர்ந்த லோப்ஸ்டைன் என்ற நோயியல் அறிஞர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் ‘புரை’ என்றால் உட்டுளை, உள்ளே வெறுமை. புரையோடிய புண் என்கிறோம் அல்லவா, அந்தப் புரை. எலும்புப்புரை என்பது சரியாகப் பொருந்துகிறது. அவ்வளவுதான் சொற்பிறப்பு.

சண்டை தேய்மானத்தோடு. தேய்வது என்றால் உரசி உரசி மேற்பரப்பு கரைவது. செருப்பு தேயும், கத்தி தேயும், மூட்டின் குருத்தெலும்பும் தேயும். மூட்டு நோய்க்கு அந்தச் சொல் பொருத்தம், யாரும் மறுக்கவில்லை. எலும்புப்புரையில் எதுவும் உரசுவதில்லை. கறையான் அரித்த உத்தரம் போல வெளி அளவு அப்படியே இருக்க, உள்ளே வலைப்பின்னல் மெலிந்துபோகிறது. வலியும் இருக்காது, எலும்பு உடையும்வரை.

தேய்மானமும் புரையும் வேறு என்பதோடு முடியவில்லை. அளக்கும்போது ஒன்றை ஒன்று மறைக்கவும் செய்கின்றன. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-மதிப்பு (இளவயது ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்ட எண்) -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை. வயதானவரின் இடுப்பு முதுகில் தேய்மானத்தால் எலும்பு முட்கள் வளர்ந்திருந்தால், அந்த முட்களையும் சேர்த்தே கருவி அளக்கும். அடர்த்தி நன்றாக இருப்பதுபோல எண் உயர்ந்து காட்டும். அதாவது தேய்மானம் கூடக்கூடப் புரை இல்லை என்று கருவி ஏமாறும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பவர் இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதவே முடியாது. முயன்று பாருங்கள்.

அப்புறம் முதுகெலும்பு முறிவு. இங்கேதான் குழப்பம் மருத்துவருக்கே வருகிறது. புரை கண்ட முள்ளெலும்பு, அதாவது முதுகெலும்புத் தொடரின் ஒரு கண்ணி, குச்சிபோல இரண்டாக ஒடியாது; நசுங்கும், ஆப்பு வடிவம் கொள்ளும். பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாது. கதிரியல் மருத்துவர் ஹாரி ஜெனன்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட முறைப்படி, முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 விழுக்காடு குறைந்திருந்தால் முதல் நிலை, 40 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது. இரண்டு கதிரியல் மருத்துவர்களிடம் ஒரே படத்தைக் கொடுத்தால் மூன்றாம் நிலையில் பெரும்பாலும் ஒன்றே சொல்வார்கள். முதல் நிலையில்தான் பிரிவார்கள். ஏனென்றால் லேசான ஆப்பு வடிவம் தேய்மானத்தாலும் வரும், இளவயதில் முதுகெலும்பு சீராக வளராத ஷோயர்மன் நோயாலும் வரும், பிறவி அமைப்பாலும் வரும், எக்ஸ்ரே கதிர் சாய்வாக விழுந்தாலும் அப்படித் தோன்றும். அதனால்தான் உயரத்தை மட்டும் நம்பாமல் முள்ளெலும்பின் மேல், கீழ்த் தட்டுகள் உள்வாங்கியிருக்கின்றனவா என்று பார்க்கும் முறையும் பின்னர் வந்தது. வாசிப்பவர்களின் உடன்பாட்டை அளக்கக் காப்பா என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுவது அது.

ஆக, ‘இது தேய்வா, முறிவா’ என்பதுதான் நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி. நம் மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் தேய்மானம் என்று எழுதிக் கேள்வியையே அழித்துவிடுகிறார்! ஆங்கில அறிக்கைகளும் யோக்கியம் இல்லை, சரி. ‘உயரம் சற்றுக் குறைந்துள்ளது’ என்று மழுப்பும் பழக்கம் இருக்கிறது. முறிவு என்றே வெளிப்படையாக எழுதுங்கள் என்று சர்வதேச எலும்புப்புரை அமைப்பே கதிரியலாளர்களைக் கேட்டுக்கொண்டது. காரணம் உண்டு. முதுகெலும்பு ஒருமுறை முறிந்த மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று முறிந்ததாக 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. தேய்மானம் என்று கேட்டவர் ‘வயசானா வர்றதுதானே’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடுவார். முறிவு என்று கேட்டவர் மருத்துவரிடம் போவார்.

எலும்புப்புரைக்கு எதிராக ஒரு வாதம் உண்டு: கண்புரை என்றால் திரை படர்வதாயிற்றே, மக்கள் குழம்ப மாட்டார்களா என்று. புரைக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு, குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ வருகிறது. இருக்கட்டும். புரையேறும்போது கண்ணில் திரை விழுந்தது என்று யாரும் நினைப்பதில்லை. பயந்தவர்கள் எலும்புத்துளை நோய் என்று எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘எலும்பு மெலிவு’ என்பதை மட்டும் இதற்கு வேண்டாம். அடர்த்தி சற்றே குறைந்த முந்தைய நிலைக்கு, அதாவது டி-மதிப்பு -1க்கும் -2.5க்கும் நடுவில் இருப்பதற்கு, அதை ஒதுக்கி வைக்கலாம். முள்ளெலும்பு நசுங்கியதை ‘அமுக்க முறிவு’ என்று எழுதினால் போதும், முறிவு என்ற சொல் மட்டும் விடுபடக் கூடாது.