வழுவைப் பேச வாட்ஸ்அப் குழு போதாது

கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருள்) குழுக்கள் பலவற்றில் இப்போது வழு (மென்பொருள் கோளாறு) உட்படப் பேச்செல்லாம் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான். சந்தேகம் கேட்க அவை போதும். முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டால், அந்த நேரத்தில் பார்க்காதவருக்கு அது தெரியாமலே போய்விடும். வாட்ஸ்அப் உரையாடல் எந்தத் தேடுபொறியிலும் கிடைக்காது. அங்கே குழுவில் சேர்ந்தால் பொதுவாகக் கைப்பேசி எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். அதற்காகவே தயங்கி ஒதுங்குபவர்கள் உண்டு, குறிப்பாகப் பெண்கள். மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை வலையமைப்பில் எண் தேவையில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா 2020இல் தன் ஐஆர்சி (பழைய வகை எழுத்து அரட்டை) சேவையகத்தை மூடிவிட்டு மேட்ரிக்ஸுக்கு மாறியதற்குப் புதியவர்கள் உள்ளே வரச் சிரமப்பட்டதும் ஒரு காரணம்.

லிப்ரெஓபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் திட்டம் பேசும் இடங்களைப் பிரித்துவைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். 'எப்படிச் செய்வது' என்ற கேள்விகளுக்கு ஆஸ்க் லிப்ரெஓபிஸ், வழுக்களுக்கு பக்சில்லா, மொழிபெயர்ப்புக்கு வெப்லேட். பக்சில்லாவில் புதிதாகப் பதிவாகும் வழு 'அன்கன்ஃபர்ம்டு' (உறுதிப்படுத்தப்படாதது) என்று நிற்கும். வேறொருவர் தன் கணினியிலும் அதே வழுவை வரவழைத்துப் பார்த்துவிட்டால் 'நியூ' என்று மாறும். இந்த உறுதிப்படுத்தும் வேலைக்கு ஒரு வரி நிரல்கூடத் தெரிய வேண்டாம், பொறுமை வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒன்றே என்று மென்பொருள் கொள்ளாவிட்டால், 'கொடி' என்று தேடும்போது கண்ணெதிரே இருக்கும் சொல்லே சிக்காது. இது முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் மெய்ப்பு பார்ப்பவருக்கோ தட்டச்சு செய்பவருக்கோதான். அவர் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பினால் நிரலரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. படத்தில் இரண்டும் ஒன்றுதானே! சொல் இரு விதமாகவும் உள்ள சிறு கோப்பு ஒன்றை இணைக்க வேண்டும். கூடவே பதிப்பு விவரம் (உதவி மெனுவில் 'லிப்ரெஓபிஸ் பற்றி' சாளரத்திலிருந்து நகலெடுக்கலாம்), இயங்குதளம், எழுத்துரு, விசைப்பலகை, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது. கோளாறு உங்கள் அமைப்புகளில் இருக்கிறதா என்றறிய, அதே மெனுவிலிருந்து லிப்ரெஓபிஸைப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) மறுதொடக்கம் செய்து பாருங்கள். ஓர் அறிக்கையில் ஒரு வழு மட்டுமே. இரண்டைச் சேர்த்தால் ஒன்று சரியானதும் அறிக்கை மூடப்பட்டு, மற்றது மறக்கப்படும்.

சிறிய தமிழ்த் திட்டங்களுக்கு இத்தனை இடங்கள் தேவையில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யோசனைகளுக்கு டிஸ்கஷன்ஸ் பகுதி, செய்ய வேண்டிய வேலைக்கு இஷ்யூ பதிவு, இரண்டே போதும். தமிழிலும் எழுதலாம் என்று இஷ்யூ படிவத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். கணக்கு இல்லாதவர் குழுவில் சொன்னால், அவருக்காகப் பதிவிட ஒருவரை நியமியுங்கள். அரட்டையில் எடுத்த முடிவை அன்றே இஷ்யூவில் எழுத வேண்டும்: என்ன முடிவு, ஏன், எந்த மாற்றுவழி ஏன் கைவிடப்பட்டது. பாதுகாப்பு ஓட்டை மட்டும் விதிவிலக்கு. திருத்தம் வெளியாகும்வரை அதைத் தனி மின்னஞ்சலில்தான் பேச வேண்டும். அந்த முகவரி களஞ்சியத்தின் (திட்டத்தின் கோப்புகள் உள்ள கிட்ஹப் பக்கத்தின்) முகப்பிலேயே இருக்கட்டும்.

கிட்ஹப்பின் பங்களிப்பாளர் வரைபடம் கமிட்டுகளை (களஞ்சியத்தில் பதிவாகும் கோப்பு மாற்றங்களை) மட்டுமே எண்ணும். வழுவை உறுதிப்படுத்தியவர், மொழிபெயர்த்தவர், உதவிக் குறிப்பு எழுதியவர் யாரும் அதில் வரமாட்டார்கள். வெளியீட்டுக் குறிப்பில் அவர்கள் பெயரை, சம்மதம் கேட்டு, செய்த வேலையோடு சேர்த்து எழுதுங்கள்.