ஓவர்ரைடு குமிழைத் திருகுவது ஃபீடுக் கட்டுப்பாடு ஆகாது

கணினி வழி இயங்கும் சிஎன்சி மில்லிங் எந்திரத்தில் வளைவான பாகங்களின் உள்மூலையில் கட்டர் (சுழன்று வெட்டும் கருவி) உடைகிறது என்று வருபவர்களிடம், உடைந்த பிறகு எதை மாற்றினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: ஃபீடை, அதாவது கட்டர் நகரும் வேகத்தை, மொத்தமாகக் கூட்டிக் குறைக்கும் ஓவர்ரைடு குமிழை 50 சதவீதத்துக்கு இறக்கி முழுப் புரோகிராமையும் ஓட்டினோம். அண்மையில் வந்த ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாகத்தில் மூலையின் அதிர்வுத் தழும்பு மாறாமல் இருக்க, நேரான சுவர்கள் மட்டும் பளபளத்தன. அந்தப் பளபளப்பை நல்ல ஃபினிஷ் என்று எண்ணி மகிழ்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஃபீடைப் பாதியாக்கும்போது ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) வேகம் குறைவதில்லை. எனவே கட்டரின் ஒரு பல்லுக்கு 0.08 மி.மீ. நகர்வு என்று திட்டமிட்டது 0.04 ஆகிறது. 10 மி.மீ. கட்டர் பக்கவாட்டில் 1 மி.மீ. மட்டுமே கடிக்கும் ஃபினிஷிங்கில் சீவலின் அதிகபட்சத் தடிமன் அதிலும் 60 சதவீதம்தான், அதாவது 0.024 மி.மீ. இவ்வளவு மெல்லிய சீவலை வெட்டுமுனை சீராக வெட்டாது, தேய்க்கும். தேய்ப்பதால் சூடு ஏறும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேற்பரப்பு இறுகும், அடுத்த பல் அந்த இறுகிய தோலில் மோதி மழுங்கும். மெதுவாக ஓட்டினால் கட்டர் பிழைக்கும் என்பது எல்லா இடத்திலும் உண்மையன்று.

உண்மையான சிக்கல் வேறு. புரோகிராமில் எழுதும் ஃபீடு பொதுவாகக் கட்டரின் மையத்துக்கு உரியது, சுவரைத் தொடும் முனைக்கு உரியதன்று. 20 மி.மீ. கட்டர் 15 மி.மீ. ஆரமுள்ள உள்வளைவில் செல்லும்போது மையம் 5 மி.மீ. ஆரத்தில்தான் சுற்றுகிறது, ஆகவே நிமிடத்துக்கு 600 மி.மீ. என்று கொடுத்தது சுவரில் 1800 ஆகிறது. அதே ஆரமுள்ள வெளிவளைவில் அது 360 ஆகக் குறைகிறது. ஒரே குமிழால் இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வீர்கள்?

எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளில், ஃபேனக்கில் உள்மூலைகளுக்கு ஜி62, சீமென்ஸில் சிஎஃப்சி என ஃபீடைத் தானே திருத்தும் கட்டளைகள் உண்டு. ஆனால் கட்டர் ஆர ஈடு, அதாவது கட்டரின் ஆரத்தைக் கழித்து மையப் பாதையைக் கட்டுப்பாடே கணக்கிடும் வசதி, இயங்கினால்தான் அவை பயன்படும். புரோகிராமை உருவாக்கும் கேம் (CAM) மென்பொருள் மையப் பாதையையே எழுதித் தந்திருந்தால் ஃபீடை அந்த மென்பொருளிலேயே திருத்த வேண்டும். மூலையின் ஆரமும் கட்டரின் ஆரமும் சமமாக இருந்தால் இவை போதாது. சிறிய கட்டரை எடுங்கள்.

சிற்ப வடிவப் பரப்புகளில் இன்னொன்று. 0.05 மி.மீ. துண்டுகளாக உடைத்த பாதையை நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீடில் ஓட்டினால் நொடிக்கு 1000 பிளாக்குகளை (புரோகிராம் வரிகளை) படிக்க வேண்டும். கட்டுப்பாட்டால் இயலாவிட்டால் அது அலாரம் ஏதுமின்றி வேகத்தைக் குறைத்துத் திக்கித் திக்கிச் செல்லும். எனவே திரையில் கட்டளை ஃபீடுக்குப் பக்கத்தில் உண்மையான ஃபீடையும் பாருங்கள். இரண்டும் விலகினால், பாகத்தின் அளவு வரம்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் கேமின் துல்லிய வரம்பைத் தளர்த்துங்கள், துண்டுகளை வில்களாக மாற்றுங்கள், வரவிருக்கும் வரிகளை முன்கூட்டியே படிக்கும் முன்னோக்கு வசதியை இயக்குங்கள். தயவுசெய்து, குமிழைத் தொடுவதற்கு முன் எந்த வளைவில் எந்தத் திசையில் சிக்கல் வருகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தின் ஃபீடை மட்டும் மாற்றுங்கள்.