கணைய அறுவைக்கு வெளிநாடு போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டை இப்போதே போடாதீர்கள்

கணையத் தலையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள், வெளிநாட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் பேசி முடித்துவிட்டோம், அடுத்த வாரம் கிளம்புகிறோம் என்று ஃபைலோடு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அந்த சர்ஜன் நல்லவரா, டாக்டர்?" நல்லவராகத்தான் இருப்பார். நான் பதிலுக்குக் கேட்பது, "எப்போது திரும்பி வருகிறீர்கள்?" பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்பார்கள். டிக்கெட்டும் கையில் இருக்கும். அந்த டிக்கெட்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கணைய அறுவையில் மருத்துவமனையின் அனுபவம் நேரடியாக உயிர்க் கணக்கில் தெரியும். 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மூத்த வயதினருக்குச் செய்த பெரிய அறுவைகளை மருத்துவமனை வாரியாக அலசியது. கணைய அறுவையை அரிதாகச் செய்த இடங்களில் இறப்பு 16.3 சதவீதம்; அதிகமாகச் செய்த இடங்களில் 3.8 சதவீதம். அந்த ஆய்வில் பார்த்த வேறெந்த அறுவையிலும் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. நெதர்லாந்தில் ஆண்டுக்குக் குறைந்தது 20 விப்பிள் அறுவையாவது (கணையத் தலையை எடுக்கும் அறுவைக்கு அதுதான் பெயர்) செய்யாத மருத்துவமனை அதைத் தொடக்கூடாது என்று 2011-லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். உங்கள் ஊரில் அப்படிச் செய்பவர்கள் இல்லை என்றால் பயணம் நியாயமானதுதான். பக்கத்து மாநிலத்திலோ பக்கத்து நகரத்திலோ இருந்தால், முதலில் அங்கே கேளுங்கள்.

விப்பிள் அறுவையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். கணையத்தின் தலை, அதை அணைத்தபடி இருக்கும் முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சில சமயம் இரைப்பையின் கடைசிப் பகுதி ஆகியவற்றை ஒரே துண்டாக எடுக்கிறோம். பிறகு மூன்று இணைப்புகள் போடுகிறோம்: மீதிக் கணையத்தைக் குடலோடு, பித்தநாளத்தைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு. ஐந்தாறு மணி நேரம் சாதாரணமாக ஆகும். 1909-ல் ஜெர்மனியில் வால்டர் கௌஷ் இதை இரண்டு கட்டமாகச் செய்து காட்டினார். 1935-ல் அமெரிக்காவில் ஆலன் விப்பிள் தன் முறையை வெளியிட, பெயர் அவருடையதாகிவிட்டது. 1970-கள் வரைக்கும் நான்கில் ஒருவர் இறந்துபோன அறுவை இது. இன்று நல்ல மையங்களில் இறப்பு ஐந்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் சிக்கல்கள் அந்த அளவுக்குக் குறையவில்லை. மிகச் சிறந்த இடங்களிலும் பத்தில் நான்கு பேருக்காவது ஏதாவது ஒன்று வருகிறது. இறப்பு குறைந்ததற்குப் பெரிய காரணம், வந்த சிக்கலைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான்.

மூன்று இணைப்புகளில் வம்பு பிடித்தது கணைய இணைப்பு. மென்மையான கணையம், மெல்லிய நாளம் என்றால் தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசியலாம். கணைய நீர் செரிமானத்துக்கானது. வெளியே கசிந்தால் பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரையும் விட்டுவைக்காது. அதனால்தான் வயிற்றில் ட்ரெயின் குழாய் வைத்து, வெளிவரும் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு பார்க்கிறோம். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் அது இருந்தால், கணைய நீர் கசிகிறது என்று பொருள். சிலருக்கு அது தானாகவே நின்றுவிடும். சிலருக்கு மூன்று வாரத்துக்கு மேலும் குழாய் அப்படியே இருக்கும். இதெல்லாம் அறுவை 'நல்லபடியாக முடிந்தது' என்று குடும்பத்துக்குச் சொன்ன பிறகு நடப்பவை.

எங்களிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வெளிநாட்டில் அறுவை முடிந்து, குழாயோடும் பையோடும் இரண்டாம் வாரத்திலேயே விமானம் ஏறிவிட்டார். வந்து சில நாளில், பையில் கலங்கலாக வந்துகொண்டிருந்த நீரில் ஒரு காலை கொஞ்சம் ரத்தம். இரண்டு ஸ்பூன்கூட இருக்காது. அரை மணி நேரத்தில் நின்றும்விட்டது. "நின்னுடுச்சே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அவர். மகள் பையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, அப்பாவைப் பிடிவாதமாக இழுத்து வந்தார். உடனே ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்தோம். அறுவையில் முடிச்சுப் போட்டு விட்ட தமனியின் முனையில் சிறு புடைப்பு. கணைய நீர் அரித்த இடம். எந்த நிமிடமும் வெடித்திருக்கும். தொடை வழியாகக் குழாய் செலுத்தி, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர் அதை அடைத்தார். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

இப்படிப் பெரிய ரத்தப்போக்குக்கு முன்னால் வரும் சிறு கசிவை நாங்கள் எச்சரிக்கை ரத்தம் என்று எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அறுவைக்குப் பின் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் வரும். குழாயில் வரலாம், வாந்தியில் வரலாம், மலம் தார் போலக் கறுத்துப் போகலாம். தானாக நின்றுவிட்டால் அதுதான் ஆபத்தான ஏமாற்று. அந்த நேரத்தில் நோயாளி விமானத்தில் முப்பதாயிரம் அடிக்கு மேலே இருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவரிடம் இருந்த டிஸ்சார்ஜ் தாளில் அறுவையைப் பற்றி ஒரே வரி. கணையத்தைக் குடலோடு இணைத்தார்களா, இரைப்பையோடா, குழாயின் முனை எங்கே இருக்கிறது, எந்த ரத்தக்குழாயில் தையல் போட்டார்கள், எதுவும் இல்லை. அந்த அவசரத்தில் நாங்கள் படத்தைப் பார்த்து ஊகித்தோம். ஆகவே முழு அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

என் கணக்குப்படி, வெளிநாட்டில் விப்பிள் செய்துகொள்பவர் அறுவை நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம், அந்த மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் தங்க வேண்டும். குழாய் எடுத்து, சாப்பிட்டது தங்கி, காய்ச்சல் இல்லாமல் நடமாடி, அந்த சர்ஜனே பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் டிக்கெட். இரைப்பை மெதுவாகக் காலியாகும் தொல்லையும் சிலருக்கு வாரக் கணக்கில் நீளும். சாப்பிட முடியாமல், மூக்கில் குழாயோடு இருக்க வேண்டியிருக்கும். தங்கும் செலவைக் கணக்குப் போடும்போது நல்லபடியாக நடந்தால் எவ்வளவு என்று மட்டும் போடாதீர்கள். ஐசியூவும் இரண்டாம் அறுவையும் வந்தால் எவ்வளவு என்றும் எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு, திட்டமிட்டுப் போகும் சிகிச்சைக்கு உதவாது.

பெரிய வயிற்று அறுவைக்குப் பின் பறக்கலாமா என்றால், விமானப் பயண வழிகாட்டுதல்கள் பொதுவாகப் பத்து நாள் என்கின்றன. அது எல்லா வயிற்று அறுவைக்கும் பொதுவான கீழ்வரம்பு. கணையத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. வயிற்றுக்குள் இருக்கும் காற்று விரியும். அப்புறம் ரத்த உறைவு. கணையப் புற்று, ரத்தத்தை உறைய வைப்பதில் முதல் வரிசையில் இருக்கும் நோய். அதோடு பெரிய அறுவையும், அசையாமல் உட்காரும் நீண்ட பயணமும் சேர்கின்றன. புற்றுக்கான பெரிய வயிற்று அறுவைக்குப் பின் உறைவுத் தடுப்பு ஊசியை நான்கு வாரம் வரை போடச் சொல்வது இதற்காகத்தான். அதை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இனி கிளம்புவதற்கு முந்தைய விஷயங்களுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய சி.டி. ஸ்கேன் எப்போது எடுத்தது? அறுவைக்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விசா, பணம், தேதி என்று ஆறேழு வாரம் ஓடிவிட்டால் அந்தப் படம் பழையது. கட்டி பெரிய ரத்தக்குழாய்களைத் தொடுகிறதா, சுற்றிக்கொண்டதா, கல்லீரலுக்குப் போய்விட்டதா என்பதை வைத்துத்தான் அறுவையா, முதலில் கீமோவா, அறுவையே வேண்டாமா என்று முடிவாகிறது. கண்டுபிடிக்கும்போதே அறுவைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர், அதற்கும் குறைவு. கல்லீரலுக்குப் பரவிவிட்ட கணையப் புற்றுக்கு 'எங்களிடம் வாருங்கள், எடுத்துவிடலாம்' என்று ஒருவர் சொன்னால், எந்த நாடாக இருந்தாலும் போகாதீர்கள். ரத்தக்குழாயைத் தொட்டிருக்கும் கட்டிக்கு முதலில் சில மாதம் கீமோ, பிறகு அறுவை என்பதே இன்றைய வழக்கம். அந்தக் கீமோவை வீட்டருகே போட்டுக்கொண்டு, அறுவைக்கு மட்டும் போகலாம். எல்லாக் கட்டியும் இந்த வகை அல்ல. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோ எண்டோக்ரைன் கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. சில நீர்க்கட்டிகளைக் கண்காணித்தாலே போதும். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் கணைய அழற்சி புற்று போலவே தோன்றி, ஸ்டீராய்டில் கரைந்துவிடும். இரண்டாம் கருத்தைப் படங்களை அனுப்பியே வாங்கிவிடலாம். அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

மஞ்சள் காமாலை இருந்தால், பயணத்துக்காக அவசரமாகப் பித்தநாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாயான ஸ்டென்ட்டை வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்கும், முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 74 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல் வந்தது. அன்று வைத்தவை பிளாஸ்டிக் ஸ்டென்ட்கள். உலோக ஸ்டென்ட் இன்று நிலைமையைச் சற்று மாற்றியிருக்கிறது. ஆனாலும் தாமதம் தவிர்க்க முடியாதது, கீமோ முதலில், பித்தத்தில் கிருமித் தொற்று என்ற காரணங்கள் இருந்தால்தான் ஸ்டென்ட். அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. முதலிலேயே வைத்துவிட்டால் அந்த இடம் வீங்கிப்போய், படத்தில் எது கட்டி எது வீக்கம் என்று தெரியாது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது சர்வதேச அங்கீகார முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள். ஜே.சி.ஐ. அங்கீகாரம் மருத்துவமனையின் நடைமுறைக்குக் கிடைப்பது. அங்கே போன வருடம் எத்தனை விப்பிள் நடந்தது என்று அது சொல்லாது. அதை நீங்களே கேட்க வேண்டும். சர்ஜனின் வாழ்நாள் எண்ணிக்கை வேண்டாம், போன வருடத்து எண்ணிக்கை. 30 நாள் இறப்பு வேண்டாம், 90 நாள் இறப்பு. பயணியாக வந்தவர்கள் 30 நாளுக்குள் ஊர் திரும்பிவிடுவதால் அவர்களுக்கு நடந்தது அந்தக் கணக்கில் விடுபட்டுப்போகலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் வந்தால் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர் எவ்வளவு நேரத்தில் வருவார்? இந்தக் கேள்விக்கு வரும் பதிலைவிட அது எப்படி வருகிறது என்பதே எனக்கு நிறையச் சொல்லும். நெதர்லாந்தின் 17 மையங்களில் நடந்து 2022-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், அறுவைக்குப் பின் நோயாளியை ஒரே விதிமுறைப்படி தினமும் சரிபார்த்து, கசிவை முன்கூட்டியே பிடித்ததில் 90 நாள் இறப்பு 5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது. அறுவை முறையில் அவர்கள் கைவைக்கவில்லை. விமான நிலையத்தில் வந்து அழைத்துப்போகும் காரைப் பற்றி விளம்பரத் தாளில் அரைப் பக்கம் இருக்கும். இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கணையத்தின் வால் பகுதியை எடுப்பவர்களுக்கு மண்ணீரலும் போகலாம். அதற்கான தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட்டால் நல்லது. அதாவது கிளம்பும் முன் இங்கேயே. மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது.

கணைய அறுவைக்குப் பின் கொடுக்கும் செரிமான நொதிக் கேப்சூலை முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு போட்டால் பலன் குறையலாம். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்தால், எடை இறங்கினால் அளவு போதவில்லை. அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சமயக் காரணத்தால் தயக்கம் உள்ளவர்கள் முன்பே பேசிவிடுவது நல்லது. முழுக் கணையத்தையும் எடுத்தால் வாழ்நாள் முழுக்க இன்சுலின். அது மட்டுமல்ல, சர்க்கரை தாழும்போது தூக்கிவிடும் குளுக்ககானும் இல்லாததால் திடீரென்று சரியும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

புற்று என்றால் அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. 2018-ல் வெளியான பிரெஞ்சு, கனடா ஆய்வில் அறுவைக்குப் பின் ஃபால்ஃபிரினாக்ஸ் என்ற மருந்துக் கூட்டை 24 வாரம் பெற்றவர்களின் நடுமை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 54 மாதம். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களுக்கு 35 மாதம். உடம்பு தேறியிருந்தால் மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். சீக்கிரம் ஆரம்பிப்பதைவிட முழுச் சுற்றையும் முடிப்பது முக்கியம். இதை ஊரில் போடப்போகும் டாக்டருக்கு முழு பயாப்சி அறிக்கை வேண்டும்: விளிம்பில் புற்று இருந்ததா, எத்தனை நிணநீர் முடிச்சு பார்த்தார்கள், எத்தனையில் இருந்தது. ஸ்லைடையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். பின்னால் மரபணுச் சோதனைக்கு அந்த மெழுகுக் கட்டிதான் வேண்டும், அதைக் கடல் கடந்து வரவழைக்க மாதக் கணக்காகும். அந்த டாக்டரைக் கிளம்பும் முன்பே பார்த்து, 'வந்ததும் என்னைப் பார்த்துக்கொள்வீர்களா' என்று கேட்டுவிடுங்கள். வெளியே செய்துகொண்டு வந்தவரின் சிக்கலைத் தொடத் தயங்குபவர்கள் உண்டு. அது கோபத்தால் மட்டுமல்ல, உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியாத பயத்தாலும்தான்.

ஒப்புதல் படிவத்தைப் புரியாத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்புக்கு மருத்துவமனையின் தொழில்முறை ஆளைக் கேளுங்கள். பாசமுள்ள மகன் மொழிபெயர்த்தால் 'இறப்பு' என்ற சொல் பாதி வழியிலேயே காணாமல் போய்விடும்.

திரும்பி வந்து ஊர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், வெளிநாட்டில் படுத்திருந்ததை வரவேற்பிலேயே சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத குடல் கிருமிகள் நோயாளிகளோடு நாடுவிட்டு நாடு வருகின்றன. 2008-ல், பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 நொதி உள்ள கிருமியை முதலில் கண்டுபிடித்ததும் இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பியவரிடம்தான். ஆசனவாயில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்து, முடிவு வரும் வரை தனி அறையில் வைப்பார்கள். அதற்குள் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், எந்த ஆன்டிபயாடிக்கில் ஆரம்பிப்பது என்று அந்தத் தகவலை வைத்தே முடிவெடுப்போம்.