செவலையின் காது எங்கே திரும்புகிறது?

ஆடி மாதத்தில் பணகுடிப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்காது, பனையோலைகளையும் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் என் பெட்டைக்குதிரை செவலையைப் பழக்குவது பெரும்பாடு. நாலு சுற்று ஒழுங்காக ஓடுவாள், ஐந்தாவதில் தலை பனங்காட்டுப் பக்கம் திரும்பிவிடும். "கவனமே இல்லாத குதிரைய வச்சு என்ன செய்யப் போறிய அண்ணாச்சி?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்.

உண்மையில் அவளுக்குக் கவனம் அதிகம். நம்மைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் இருக்கிறது, அவ்வளவுதான்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் அது ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் சிறு மறைவுகள். நுட்பமான விவரம் நம் அளவுக்குத் தெரியாது. ஆனால் ஓரத்தில் ஓர் ஓலை அசைந்தாலும் தெரிந்துவிடும். காதுகளோ தனித்தனியே முன்னும் பின்னும் திரும்பும், நமக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியும் அவற்றுக்குக் கேட்கும். புல்வெளியில் வேட்டை மிருகத்துக்குத் தப்பிப் பிழைத்த உடம்பு இது. பலத்த காற்றில் எல்லாப் பக்கமும் அசைவு, எல்லாப் பக்கமும் சத்தம். எது ஆபத்து என்று பிரித்தறிய முடியாதபோது ஓடத் தயாராவதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு.

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பார்கள். நரி பிறவியிலேயே தைரியசாலி என்பதல்ல அதன் பொருள். தீங்கு செய்யாத ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதற்குப் பதிலளிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. குதிரைக்கும் இதே வழிதான், ஆனால் அளவு முக்கியம். காய்ந்த ஓலையைத் தூரத்தில் பிடித்து மெதுவாக அசைக்க வேண்டும். அவள் தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, மூச்சுவிட்ட பிறகே ஓலையை விலக்க வேண்டும். துள்ளும்போது விலக்கினால், துள்ளினால் ஓலை போய்விடும் என்பதுதான் பாடமாகிவிடும். எடுத்த எடுப்பில் மூக்கருகே நீட்டினால் பயம் குறையாது, கூடும்.

கடிவாளத்துக்கும் இதே கணக்குதான். இழுப்பதால் குதிரை கற்றுக்கொள்வதில்லை, தளர்த்துவதால் கற்கிறது. சொன்னபடி காலெடுத்து வைத்த அந்த நொடியிலேயே கயிறு தளர வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. நான் செய்த தவறுகளில் பாதி இந்தத் தாமதம்தான்.

அப்புறம் வயிறு. குதிரையின் இரைப்பை உடம்போடு பார்த்தால் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஆனால் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். பட்டினி போட்டு ஓட்டினால் அமிலம் இரைப்பையின் மேற்பகுதியில் தெறித்துப் புண்ணாக்கும். வயிறு எரியும் குதிரை எதைக் கவனிக்கும்? அதனால் பழக்குவதற்கு முன் செவலைக்கு ஒரு கட்டுப் புல் கட்டாயம். ஊறவைத்த கொள்ளு அதற்குப் பிறகு, அதுவும் கொஞ்சமாக.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி கடல் சேருமிடத்தை ஒட்டிய காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். இந்த நாட்டில் குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்ததையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மாண்டதையும் சேர்த்தே சொல்கிறார். சோற்றின் மாவுச்சத்து அளவு மீறினால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கும். கடும் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கமும் வரலாம். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

பெட்டைக்குதிரைக்கு இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒருமுறை சினைப்பருவம் வந்து ஐந்தாறு நாள் நீடிக்கும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இது நின்றுவிடுகிறது. நெல்லைச் சீமையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரமே வித்தியாசம் என்பதால் அப்படியொரு தெளிவான இடைவெளியை எதிர்பார்க்க முடியாது. தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன், அந்த நாட்களில் புதுப் பாடம் எதுவும் கிடையாது.

தினமும் குளம்பைத் தூக்கி இடுக்கிலிருக்கும் கல்லையும் சாணியையும் எடுத்த பின்தான் வெளியே கூட்டிப் போகிறேன். கால் வலித்தாலும் தலை திரும்பும். அவள் நடக்கத் தொடங்கியதும் முதலில் பார்ப்பது காதுகளைத்தான். இரண்டும் பனைப் பக்கம் நின்றால் வேகத்தைக் குறைத்து ஒரு திருப்பம் கேட்பேன். ஒன்று என் பக்கம் திரும்பிய உடனே கயிறு தளரும்.