கடைசி ஐந்து சென்டிமீட்டர்: நகரும் கண்ணாடிக் கதவைத் தானாக மூட வைப்பது எப்படி?

வீட்டு நீச்சல்குளங்களின் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. குளத்தைச் சுற்றித் தடுப்பு, குளத்துக்கு மூடி, கதவு திறந்தால் அலறும் மணி எனப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அது இடம் தருகிறது. அவற்றில் ஒன்று கதவைப் பற்றியது. குளத்துப் பக்கம் நேரே திறக்கும் கதவுகள் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும், தாழை விடுவிக்கும் பிடி தரையிலிருந்து 54 அங்குலத்துக்கு (137 செ.மீ.) கீழே இருக்கக் கூடாது. அந்த நாட்டில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. அதனால் இந்த விதியை வெறும் காகிதச் சடங்காக எடுத்துக்கொள்ள முடியாது.

அங்கே வீட்டின் பின்பக்கத்தில் பெரும்பாலும் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவுதான் இருக்கும். கீல் கதவென்றால் ஸ்பிரிங் கீல் மாட்டிவிடலாம். நகரும் கதவுக்குக் கடையில் ஒரு குளோசர் (கதவைத் தானாக இழுத்து மூடும் கருவி) வாங்கி மாட்டினால் போதாது. மாட்டிய பிறகும் கொண்டி விழாமல், இரண்டு விரல் அகலம் திறந்தபடி கதவு நிற்பதுதான் அடிக்கடி நேரும் தோல்வி. தூரத்திலிருந்து பார்த்தால் மூடியது போலவே தெரியும் என்பதால் யாரும் எழுந்து போய்ச் சரிபார்க்க மாட்டார்கள். குழந்தையின் கைக்கோ அந்த இடைவெளி போதும்.

முதலில் கதவின் எடை. கண்ணாடியில் 1 சதுர மீட்டர் பரப்பு, 1 மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ இருக்கும். ஏறத்தாழ 91 செ.மீ. அகலமும் 203 செ.மீ. உயரமும் உள்ள நகரும் பகுதியில் 4 மி.மீ. கண்ணாடி இரண்டு அடுக்காக இருந்தால், சட்டத்தின் அகலம் போகக் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 31 கிலோ. சட்டத்தையும் ரோலரையும் சேர்த்தால் 40 கிலோவைத் தொடும். ரோலர் நன்றாக இருந்தால் இதை ஒரு விரலால் தள்ளலாம். டிராக்கில் மணலும் முடியும் அடைந்தால் அதே கதவு சில மடங்கு விசை கேட்கும்.

எவ்வளவு கேட்கிறது என்பதை அளக்காமல் குளோசர் வாங்கக் கூடாது. பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். அதைக் கைப்பிடியில் மாட்டி, மூடும் திசையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். 1 கிலோ என்று காட்டினால் ஏறக்குறைய 10 நியூட்டன். நடுவழியில் ஒரு முறையும், கதவு 5 செ.மீ. திறந்திருக்கும்போது நின்ற நிலையிலிருந்து இழுத்து ஒரு முறையும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். அந்தக் கடைசி தூரத்தில் மூன்று தடைகள் ஒன்றாகச் சேர்கின்றன: கதவு நிலையில் (வாசல் சட்டத்தில்) இருக்கும் வுல் பைல் என்ற மயிர்ப் பட்டை நசுங்க வேண்டும், நகரும் கதவின் சட்டமும் அசையாத கதவின் சட்டமும் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ள வேண்டும், கொண்டியின் மூக்கு ஏறி இறங்க வேண்டும். போதாததற்கு, நின்றிருக்கும் பொருளை அசைக்க ஓடும் பொருளைவிடக் கூடுதல் விசை வேண்டும்.

ஒரு கதவு நடுவழியில் 10 நியூட்டன், கடைசியில் 20 நியூட்டன் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளோசர் 25 நியூட்டனாவது இழுக்க வேண்டும். அப்போது கதவைத் திறப்பவர் 10-ஐயும் 25-ஐயும் சேர்த்து 35 நியூட்டன் விசை கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கத் தரநிலை பொதுக் கட்டடங்களின் நகரும் கதவுக்கு அனுமதிப்பது 5 பவுண்டு, அதாவது 22 நியூட்டன்தான். வீட்டுக்கு அது கட்டாயமில்லை என்றாலும் மூத்தோர் இருக்கும் வீட்டில் அதை மீறாமலிருப்பது நல்லது. இதற்குப் பலரும் செய்வது, இன்னும் வலுவான ஸ்பிரிங்கைத் தேடுவது. உண்மையில் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது. டிராக்கைச் சுத்தம் செய்து, ரோலரை மாற்றி, தடையை நடுவழியில் 6, கடைசியில் 12 நியூட்டனாகக் குறைத்தால் 15 நியூட்டன் குளோசரே போதும். திறக்கும் விசையும் 21-க்குள் அடங்கிவிடும்.

எந்த ஸ்பிரிங் என்பது அடுத்த கேள்வி. சாதாரணச் சுருள் ஸ்பிரிங் இழுக்க இழுக்க இறுகும். மூடிய நிலையில் 10 செ.மீ. இழுபட்டு 25 நியூட்டன் தரும் ஸ்பிரிங், கதவை இன்னும் 80 செ.மீ. திறந்ததும் 225 நியூட்டனில் இழுக்கும். வேண்டாத இடத்தில் பெரும் விசை, வேண்டிய இடத்தில் சிறு விசை. இதனால்தான் நல்ல குளோசர்களில் சுருட்டிய எஃகுப் பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. தச்சரின் இழுப்பு டேப் உள்ளே ஓடுவதைப் போல அது, கதவோடு இணைத்த கம்பியைச் சுருட்டிக்கொள்ளும். பட்டையில் நிமிர்வது சுருளை விட்டு அந்த நொடியில் வெளியேறும் சிறு துண்டு மட்டுமே. எவ்வளவு நீளம் வெளியே வந்தாலும் அந்தத் துண்டின் வளைவு ஒன்றுதான் என்பதால் விசையும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அதே அகலமும் அதே சுருள் விட்டமும் வைத்துக்கொண்டு பட்டையின் தடிமனை மட்டும் இரட்டித்தால் விசை எட்டு மடங்காகும்.

விசை மாறாவிட்டாலும் வேகம் ஏறும். 25 நியூட்டன் இழுப்பில் 10 உராய்வுக்குப் போக மீதம் 15 நியூட்டன். 80 செ.மீ. தூரத்தில் அது 12 ஜூல் ஆற்றலாகச் சேர்ந்து, 40 கிலோ கதவை நொடிக்கு 77 செ.மீ. வேகத்தில் நிலையில் மோதவிடும். மோட்டாரில் மெதுவாக இயங்கும் கீல் கதவுக்கு அமெரிக்கத் தரநிலை விதிக்கும் உச்ச இயக்க ஆற்றல் 1.69 ஜூல். இங்கும் அதையே வரம்பாகக் கொண்டால் வேகம் நொடிக்கு 29 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. அதாவது முழுதாகத் திறந்த கதவு மூட மூன்று நொடியாவது ஆக வேண்டும். குழந்தையின் விரல் மாட்டும் இடம் என்பதால் இந்த மூன்று நொடியில் கஞ்சத்தனம் கூடாது.

வேகத்தை அடக்க ஆயில் டேம்பர் (எண்ணெயின் தடையால் வேகத்தைக் குறைக்கும் கருவி) வேண்டும். உராய்வு பிரேக் உதவாது. உராய்வு பிரேக் நின்றிருக்கும் கதவையும் பிடித்துக்கொள்ளும். கடைசி 5 செ.மீ.யில் ஸ்பிரிங்குக்கு அது இன்னொரு எதிரி. ஆயிலின் தடை வேகத்தைப் பொறுத்தது. கதவு வேகமாகப் போனால் தடுக்கும், நின்றால் தடையே இல்லை. காற்றழுத்த சிலிண்டரும் பயன்படும். ஆனால் காற்று நசுங்கக்கூடியது என்பதால் கதவு லேசாகத் துள்ளும். ஆயில் குளிரில் கெட்டிப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேலையை ரோலரிலிருந்து தொடங்குங்கள். டிராக்கை வாக்குவம் செய்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் மூலைகளைச் சுரண்டுங்கள். கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், தூசியை இழுத்துச் சேறாக்கும். சிலிக்கோன் ஸ்பிரே மட்டும், வுல் பைலிலும் சிறிது. கதவின் அடியில் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ரோலரை உயர்த்தும் திருகு இருக்கும். கதவின் விளிம்பும் நிலையும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் வரும்வரை திருகுங்கள். ரோலரில் தட்டையான இடம் தேய்ந்திருந்தால் கதவை இருவராகத் தூக்கி இறக்கி மாற்றியே ஆக வேண்டும். டிராக்கில் ரசமட்டம் வைத்தும் பாருங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. சரிந்தாலே 40 கிலோ கதவு 4 நியூட்டன் விசையோடு சரிவுப் பக்கம் போகும். அது திறக்கும் பக்கமாக இருந்தால் ஸ்பிரிங்கின் பலத்தில் கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

துளையிடும்போது ஒரு பேராபத்து உண்டு. இவை டஃபன்டு (வலுவேற்றிய) கண்ணாடிகள். மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் பூட்டப்பட்டிருப்பதால், டிரில் பிட் விளிம்பைத் தொட்டாலே முழுக் கண்ணாடியும் துகளாகக் கொட்டலாம். கண்ணாடியின் விளிம்பு சட்டத்துக்குள் 10 மி.மீ. அளவுக்குப் புதைந்திருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. ஆகவே சட்டத்தின் வெளியோரத்திலேயே துளையிட வேண்டும். பிட்டின் நுனியிலிருந்து 6 மி.மீ. தள்ளி டேப் சுற்றி, அதற்கு மேல் இறக்காதீர்கள். அலுமினியத்தில் எண் 8 செல்ஃப் டேப்பிங் திருகுக்கு 3.2 மி.மீ. துளையும் 12 மி.மீ. நீளமும் சரி. கூடவே வரும் நீளத் திருகு மரநிலைக்கானது. அதைக் கதவில் ஏற்றிவிடக் கூடாது.

குளோசரின் சுருள் பெட்டி, கதவு மூடும் பக்க நிலையில், மேற்சட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். திறந்த கதவின் குறுக்கே கம்பி ஓடும். தலைக்கு மேலே இருந்தால்தான் யார் கழுத்திலும் படாது. கம்பி டிராக்குக்கு இணையாக ஓட வேண்டும்: சாய்ந்து இழுத்தால் கதவு பக்கவாட்டில் உரசும். கதவின் பயணத்தைவிடக் கம்பி 10 செ.மீ.யாவது நீளமாக இருக்கட்டும். இழுத்த கம்பியைக் கொக்கியில் மாட்டும்வரை இடுக்கியால் பிடியுங்கள். நழுவினால் விரலை அறுக்கும். மேலே இழுப்பதால் முன் ரோலருக்குக் கூடுதலாக ஏறத்தாழ 4 கிலோ எடை விழும். அது முதலில் தேயும்.

வழக்கமான கொக்கிப் பூட்டு கையால் திருப்பினால்தான் விழும். அதை நீட்டியபடி கதவை விட்டால், நிலையில் அது மாட்ட வேண்டிய எதிர்த்தகட்டில் மோதி வளையும். சாய்ந்த மூக்குள்ள ஸ்பிரிங் கொண்டியை 137 செ.மீ.க்கு மேலே தனியாகப் பொருத்தாவிட்டால் குளோசர் மாட்டியும் ஃபுளோரிடா சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது.

டேம்பரை இறுக்கமாகவும் ஸ்பிரிங்கைத் தளர்வாகவும் வைத்துத் தொடங்கி, ஸ்பிரிங்கின் விசையை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முழுத் திறப்பிலிருந்து மூடினால் மகிழ்ந்துவிட வேண்டாம். அங்கே ஓடி வந்த வேகம் உதவுகிறது. 5 செ.மீ.யில் நிறுத்தி, கையை எடுத்து, கொண்டி விழும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஓடும்போதும் இதே சோதனை வேண்டும். உள்ளும் புறமும் 10 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வந்தாலே 1.85 சதுர மீட்டர் கதவை டிராக்குக்குக் குறுக்கே 18 நியூட்டன் தள்ளும். அதில் மூன்றில் ஒரு பங்குவரை உராய்வாக மாறும்.

வேகமாக வந்து மோதித் திரும்பினால் டேம்பர் தளர்வு. மெதுவாக வந்து விளிம்பில் நின்றால் பெரும்பாலும் எதிர்த்தகட்டின் உயரம் 2 மி.மீ. மாறியிருக்கும், ஸ்பிரிங்கைக் கூட்டுவதற்கு முன் தகட்டை நகர்த்திப் பாருங்கள். சில மாதம் நன்றாக வேலை செய்து பிறகு நின்றால் டிராக்கில் மறுபடி மணல். கொசுவலைக் கதவுக்கென்று விற்கும் மெலிந்த குளோசரைக் கண்ணாடிக் கதவில் மாட்டியிருந்தால் எந்தத் திருத்தமும் பலிக்காது, அதைக் கழற்ற வேண்டியதுதான். குளத்துக் குளோரினும் கடற்காற்றும் படும் இடத்தில் கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் மாதம் ஒரு முறை துணியால் வழித்துப் பாருங்கள். ஒரு இழை பிரிந்து துணியில் சிக்கினால், அறும்வரை காத்திராமல் உடனே மாற்றிவிடுங்கள்.