ஆவியும் பொயிலையும்

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒரு தாய் தன் 16 வயது மகனை என் பல் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிவந்தா. (ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான்காரன் விட்டுப்போன 'வேப்' (மின்சிகரட்) பெடியனின் புத்தகப்பையில் இருந்ததாம்.

"டொக்டர், இவன் சிகரட் குடிக்கேல்லை. இது வெறும் ஆவிதானாம். லண்டனிலை டொக்டர்மாரே குடுக்கினமாம். உண்மையோ?"

பாதி உண்மை. மின்சிகரட் சாதாரண சிகரட்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015 இல் சொன்னது. அந்த எண்ணை ஒருவரும் ஆய்வுகூடத்தில் அளக்கவில்லை. நிபுணர் சிலர் கூடியிருந்து போட்ட புள்ளிகளிலிருந்து வந்தது அது. 'லான்செட்' மருத்துவ சஞ்சிகை அந்த ஆண்டே அதைக் கண்டித்து எழுதியது.

எதிர்ப்பக்கமும் சறுக்கியிருக்கிறது. மின்சிகரட்டை மாரடைப்போடு தொடர்புபடுத்தி 2019 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கட்டுரையை அடுத்த ஆண்டே சஞ்சிகை மீளப்பெற்றது. மாரடைப்பு முந்தியா, வேப் முந்தியா என்று சரிவரப் பார்க்காததுதான் சிக்கல். அதே 2019 இல் அங்கே வேப் இழுத்த ஆட்கள் நுரையீரல் காயத்தால் செத்தார்கள். 2020 பெப்ரவரிக்குள் 68 மரணம். பெரும்பாலும் காரணம், கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிற்றேற்று. செய்தியில் நிலைத்தது 'வேப்' என்ற சொல் மட்டும்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் கேட்கவேண்டும். நாளுக்கு ஒரு பெட்டி ஊதுகிறவருக்கு இது சிகரட்டைவிடக் குறைந்த தீங்கு. விட நினைக்கிறவருக்கு உதவவும் கூடும். 2019 இல் வெளியான இங்கிலாந்துப் பரிசோதனையில், ஓராண்டு கழித்து மின்சிகரட் குழுவில் 18 சதவீதமானோர் சிகரட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் நிக்கொட்டின் பட்டி, சூயிங்கம் போன்றவற்றைப் பாவித்த குழுவில் 9.9. ஆனால் அந்த 18 சதவீதத்தினரில் ஐந்துக்கு நாலு பேர் வேப்பைக் கைவிடவில்லை.

ஒருநாளும் ஊதாத இந்தப் பெடியனுக்கு ஒப்பீடு வெறுங்காற்றோடு. நுரையீரல் புற்றுநோய் தலைகாட்ட 20, 30 வருடம் பிடிக்கும். இன்றைய மின்சிகரட் சீனாவில் பிறந்ததே 2003 இல். 'ஆபத்தில்லை' என்று எழுதித்தர யாராலும் முடியாது.

நிக்கொட்டினைப் பற்றியும் குழப்பம்தான், வைத்தியர்களிடம்கூட. அமெரிக்க வைத்தியர்களிடம் கேட்டபோது பத்துக்கு எட்டுப் பேர் அதுதான் புற்றுநோய் தருகிறது என்றார்கள். ஆளைக் கட்டிப்போடுவது நிக்கொட்டின். பெரும்பாலும் கொல்வது எரியும் புகையிலுள்ள தாரும் காபனோரொட்சைட்டும். நிக்கொட்டின் சூயிங்கம் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அதற்காக அது தண்ணீர் அல்ல. வளரும் மூளை அதற்கு வெகு சுலபமாக அடிமைப்படும். முரசின் (பல் ஈறின்) இரத்தக்குழாய்களையும் அது சுருக்கிவிடும். நோய் இருந்தும் இரத்தம் கசியாது, நோயாளி நல்லாயிருக்கிறேன் என்று நினைப்பார்.

பெடியனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, கூட வந்த ஆச்சி குறுக்கிட்டா. "இந்த வயசிலை உனக்கு இது தேவையோடா?" கதைக்கக் கதைக்கக் கன்னத்துக்குள் எதையோ ஒதுக்கினா. மடியில் வெற்றிலைக் கொட்டப்பெட்டி. திருவிதாங்கூருக்குப் பொயிலை ஏற்றின ஊர் எங்களுடையது. வெற்றிலைத் தட்டத்தில் அது இருப்பது எங்களுக்குக் கண்ணில் படுவதே இல்லை. பத்த வைக்காததால் தார் இல்லை, புகை இல்லை. ஆனாலும் வாய்ப்புற்றுக்கு அது நிச்சயமான காரணம். இதில் ஆய்வாளருக்குள் சண்டை எதுவுமில்லை.

"ஆச்சி, ஒருக்கா வாயைத் திறவுங்கோ."

இடது கன்னத்துக்குள், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் தடிப்பு. பேரனை அடுத்த மாதம் வரச் சொன்னேன். ஆச்சிக்குச் சதைப் பரிசோதனைக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன்.